மூட்டைக்கு ஒரு காசு

நெல்லையோ பயறையோ மரக்காலில் அளக்கும்போது நம் பெரியவர்கள் முதல் மரக்காலை ‘ஒன்று’ என்று எண்ணமாட்டார்கள். ‘லாபம்’ என்றுதான் எண்ணுவார்கள். அடுத்த மரக்காலுக்குத்தான் ‘இரண்டு’. இதை எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித் தரவில்லை. அப்பா அளப்பதைப் பார்த்து மகன் அளந்தான். மகன் அளப்பதைப் பார்த்துக் கடைப்பையன் அளந்தான். மரக்கால் போய், எடைக்கல் போய், மின்னணுத் தராசு வந்துவிட்டது. ஆனாலும் அளந்து எண்ணும் இடங்களில் அந்த ‘லாபம்’ இன்னும் காதில் விழுகிறது.

இப்படி ஒரு பழக்கம் தலைமுறை தலைமுறையாக நிற்கிறது. சித்திரை முதல் தேதி புதுக்கணக்குப் போடும்போது நாம் செய்துகொள்ளும் சபதங்களோ ஆடி பிறப்பதற்குள் காணாமற் போய்விடுகின்றன. “இந்த வருஷம் முதல் கடன் கிடையாது”, “தினமும் ராத்திரி கணக்கு முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவது”, “கல்லாப் பணத்தில் வீட்டுச் செலவு செய்வதில்லை” என்றெல்லாம் நாம் சொல்லாத வருஷம் உண்டா? சொன்னதெல்லாம் நல்லதுதான். ஆனால் நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை என்பதைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

என் கடையில் நடந்தது

பிறர் கதையைச் சொல்வதற்கு முன் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சித்திரை முதல் நாள், ‘கடன் அன்பை முறிக்கும்’ என்று பெரிதாக எழுதிய பலகையைக் கல்லாவுக்கு மேல் மாட்டினேன். பாக்கி நோட்டு அந்த அளவுக்கு என்னைப் படுத்தி வைத்திருந்தது. முதல் நாள் காலையிலேயே வந்தவர் என் கடையில் பதினைந்து வருஷமாகச் சாமான் வாங்கும் ஒரு விவசாயி. எண்ணெயும் புளியும் வேண்டும் என்றார். அவர் மக்காச்சோளம் விதைப்பதே ஆவணியில்தான். காசைப் பார்ப்பது தை மாசியில். பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போனார்.

நாலாம் நாள் பார்த்தால் என் வாடிக்கைக்காரர்களில் பாதிப் பேர் அடுத்த தெருக் கடையில் நின்றார்கள். பத்தாம் நாள் பலகையை நானே கழற்றிவிட்டேன். போனவர்களைத் திரும்பக் கொண்டுவர, முன்பு கொடுத்ததைவிட அதிகமாகக் கடன் கொடுக்க வேண்டியதாயிற்று. ஒரே நாளில் மாறப் பார்த்தவன் ஒரே மாதத்தில் பழைய இடத்துக்கும் கீழே வந்து நின்றேன்.

கடன் கெட்டது என்று நான் நினைத்ததில் தவறில்லை. பதினைந்து வருஷப் பழக்கத்தை ஒரு பலகையால் மாற்றிவிடலாம் என்று நினைத்ததுதான் தவறு. அதைப் புரியவைத்தது நம் தமிழ்நாட்டு வணிகர்களின் பழைய வழக்கம் ஒன்று.

மகமை என்னும் சிறு தொகை

19-ஆம் நூற்றாண்டில், அன்றைய இராமநாதபுரம் சீமையில் சிவகாசி, விருதுப்பட்டி, அருப்புக்கோட்டை முதலிய ஊர்களில் நாடார் வணிகர்கள் பேட்டைகளை அமைத்தார்கள். மாட்டு வண்டியில் சரக்கு ஏற்றி வருபவர் இரவில் தங்கவும், மாடுகளை அவிழ்த்துக் கட்டவும், சரக்கைக் களவு போகாமல் வைக்கவும் ஏற்ற இடம் அது. அங்கே வாங்கி விற்கும் சரக்குக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகையைப் பொதுவுக்கு ஒதுக்கினார்கள். அதற்கு மகமை என்று பெயர். மகமை ஒரு சமூகத்தாருக்கு மட்டும் உரிய வழக்கம் அன்று. கோயிலுக்கும் தர்மத்துக்கும் என்று தமிழ் வணிகர் பலரும் அதைக் கடைப்பிடித்திருக்கிறார்கள். ஆனால் அதைக் கொண்டு ஒரு சமூகத்தின் நிலையையே உயர்த்திக் காட்டியவர்கள் என்ற பெருமை அந்த ஊர்களின் வணிகர்களுக்கு உண்டு.

மூட்டைக்கு ஒரு காசு, இரண்டு காசு என்றால் கொடுப்பவருக்குத் தெரியவே தெரியாது. ஆனால் அந்தக் காசு உறவின்முறையின் பொதுப் பணமாகச் சேர்ந்தது. கிணறாயிற்று, மண்டபமாயிற்று, பள்ளிக்கூடமாயிற்று. 1889-இல் விருதுப்பட்டியில் க்ஷத்திரிய வித்தியாசாலை தோன்றியது. அந்தப் பள்ளிக்காக வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்து வைத்தார்கள். சோறு வடிக்க அரிசி எடுக்கும்போது ஒரு பிடியைத் தனிக் கலயத்தில் போடுவது பெண்களின் வழக்கமாயிற்று. 1903-இல் அந்த ஊரில் பிறந்த காமராஜர் படித்தது அந்தப் பள்ளியில்தான். சிறு வயதிலேயே படிப்பை விட்டுவிட்டு மாமாவின் துணிக்கடையில் வேலைக்கு நின்ற அவர், பின்னாளில் முதலமைச்சராகிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவுத் திட்டம் கொண்டுவந்தது உலகறிந்த செய்தி.

நாம் வியாபாரிகள், கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். ஒரு பிடி அரிசி 50 கிராம் என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு ஒரு பிடி என்றால் ஒரு வீட்டுக்கு ஆண்டில் 18 கிலோவுக்குச் சற்று மேல். நூறு வீடு சேர்ந்தால் 1,825 கிலோ. இன்றைய 25 கிலோ சிப்பத்தில் 73 சிப்பம்! “ஆளுக்கு 18 கிலோ அரிசி நன்கொடை கொடுங்கள்” என்று அந்த நூறு வீட்டிலும் போய்க் கேட்டிருந்தால் எத்தனை கதவு திறந்திருக்கும்?

ஏன் நின்றது?

மகமையும் பிடி அரிசியும் நிலைத்து நின்றதற்கு நான்கு காரணங்கள் எனக்குத் தெரிகின்றன.

முதலாவது, அவை ஏற்கெனவே நடக்கிற ஒரு வேலையோடு முடிச்சுப் போடப்பட்டவை. மூட்டை விற்காத நாள் வியாபாரிக்கு இல்லை. உலை வைக்காத நாள் வீட்டுக்கு இல்லை. அந்த வேலையே இதை ஞாபகப்படுத்திவிடும். தனியாக நினைவு வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இரண்டாவது, வலிக்காத அளவு. வியாபாரம் மந்தமான நாளிலும் கொடுக்க முடிந்த அளவு. நல்ல நாளில் மட்டும் செய்ய முடிகிற காரியம் பழக்கமாகாது.

மூன்றாவது, எடுத்தவுடன் வேறு பாத்திரத்துக்குப் போய்விட்டது. கல்லாவிலேயே கிடந்திருந்தால் அந்தக் காசு அன்று மாலையே செலவாகியிருக்கும்.

நான்காவது, நாலு பேருக்குத் தெரிந்து நடந்தது. உறவின்முறையில் கணக்குக் கேட்பார்கள் என்ற நினைப்பு இருந்தது. தனி ஆள் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட சபதத்துக்கு அந்தக் காவல் கிடையாது.

என் பலகையை இந்த நான்கோடும் ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒன்றுகூடப் பொருந்தவில்லை.

எத்தனை நாளில் படியும்?

21 நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று பலரும் சொல்கிறார்கள். இந்த எண்ணைப் பரப்பியது மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1960-இல் எழுதிய ஒரு நூல். தம் நோயாளிகளைப் பார்த்து, குறைந்தது இவ்வளவு நாளாவது ஆகிறது என்று அவர் சொன்னதைப் பின்னால் வந்தவர்கள் பொது விதியாக்கிவிட்டார்கள்.

இதை அளந்தே பார்த்தவர்கள் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் இருந்தார்கள். ஃபிலிப்பா லாலி என்ற ஆய்வாளரும் அவருடன் இருந்தவர்களும் 96 பேரிடம் நடத்திய ஆய்வு 2009-இல் வெளிவந்தது. சாப்பாட்டோடு ஒரு பழம் தின்பது, சாப்பாட்டுக்கு முன் கொஞ்சம் நடப்பது போன்ற ஒரு சிறு காரியத்தை ஒவ்வொருவரும் 12 வாரம் செய்து வந்தார்கள். யோசிக்காமலே கை போகும் நிலை வர, நடுத்தரமாக 66 நாள் ஆயிற்று. சிலருக்கு 18 நாளில் படிந்தது. சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். எளிய காரியம் சீக்கிரம் படிந்தது. இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய கேடு ஒன்றும் வரவில்லை என்பதையும் கண்டார்கள்.

நம் வைத்தியர்கள் மருந்தை ஒரு மண்டலம் சாப்பிடச் சொல்வார்கள். 48 நாள். அதற்கும் மேலே இன்னும் இரண்டரை வாரம் சேர்த்தால் இந்த 66 வருகிறது. சித்திரை முதல் தேதி தொடங்கினால் ஆனி பிறந்த பிறகுதான் அது நம் பழக்கம். நாமோ வைகாசியிலேயே “நமக்கு இது சரிப்படாது” என்று கைவிட்டு விடுகிறோம்.

நாடே மாறிய விதம்

மூத்த வணிகர்களுக்கு இன்னொன்று நினைவிருக்கும். 1957 ஏப்ரல் முதல் தேதி அணா பைசாக் கணக்கு போய், ரூபாய்க்கு நூறு நயா பைசா என்று வந்தது. அடுத்து எடை. 1956-இல் சட்டம் செய்தார்கள். 1958 அக்டோபரில் சில இடங்களில் தொடங்கினார்கள். 1962 ஏப்ரலில்தான் பலமும் வீசையும் போய் நாடெங்கும் கிலோ கட்டாயமாயிற்று. அதுவரை பழையதும் புதியதும் பக்கம் பக்கமாக நடந்தன. வீசையில் கேட்டவருக்குக் கிலோவில் நிறுத்துக் கொடுத்துக் கொடுத்தே கடைக்காரரின் கை பழகியது. கோடிக்கணக்கான மக்களின் கைப்பழக்கம் ஒரே இரவில் மாறாது என்று அன்று திட்டம் போட்டவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஜப்பானியத் தொழிற்சாலைகளில் இதையே ஒரு முறையாக வைத்திருக்கிறார்கள். ‘கைசன்’ என்று பெயர். பெரிய இயந்திரம் வாங்கிப் போடுவதற்கு முன், இருக்கிற இடத்தில் இருக்கிற ஆட்களைக் கொண்டு தினம் ஒரு சின்னத் திருத்தம் செய்வது. நம் சென்னை பாடியில் உள்ள சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவும் இப்படிப் படிப்படியாகத் திருத்திக்கொண்டு வந்த இடம்தான். தரத்துக்காக ஜப்பான் வழங்கும் டெமிங் பரிசை 1998-இல் அது பெற்றது. இந்தியாவில் அதுவே முதல்.

நம் கடையில் எங்கே தொடங்குவது?

பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்து மளிகைக்காரருக்கு ஏற்ற சில காரியங்களைச் சொல்கிறேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்கிவிடாதீர்கள். ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அது படிந்த பிறகு அடுத்தது.

இரவில் மூன்று எண்கள்: முழுக் கணக்கு எழுத உட்கார்ந்தால் தூக்கம் வருகிறது, அதனால்தான் விட்டுப் போகிறது. கடைக் கதவை இழுப்பதற்கு முன் மூன்று எண்களை மட்டும் சிட்டையில் எழுதுங்கள். கல்லாவில் உள்ள ரொக்கம், கைபேசி வழியாக வங்கிக்குப் போனது, அன்று கொடுத்த கடன். இரண்டு நிமிடம் போதும். ஜி.பே. வந்த பிறகு கல்லாவை மட்டும் எண்ணிப் பார்த்து “இன்றைக்கு வியாபாரம் இல்லை” என்று கலங்குகிறவர்களும் உண்டு; வங்கிக்குப் போனதை மறந்து கூடுதலாகச் சரக்குப் போட்டு முழிக்கிறவர்களும் உண்டு. மூன்று எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் இரண்டும் நேராது.

கல்லாவில் கை: டீக்கு, பெட்ரோலுக்கு, மொய்க்கு என்று கல்லாவிலிருந்து எடுக்கிறோம். இனி எடுக்கக்கூடாது என்று சபதம் செய்ய வேண்டாம், செய்தாலும் நிற்காது. எடுப்பதை எழுதுங்கள், அது போதும். பேனாவைக் கல்லாப்பெட்டிக்குள்ளேயே நூலில் கட்டிப் போடுங்கள். ஒரு மாதம் கழித்துக் கூட்டிப் பாருங்கள். தொகையைப் பார்த்தபின் கை தானாகவே தயங்கும்.

ஒரு நாளைக்கு ஒரு தட்டு: காலையில் கடை திறந்து சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றியவுடன் அலமாரியில் ஒரே ஒரு தட்டை எடுத்துக் காலாவதித் தேதி பாருங்கள். கடையை ஏழு பங்காகப் பிரித்துக்கொண்டால் வாரத்துக்கு ஒரு முறை கடை முழுவதும் பார்த்தாகிவிடும். காலாவதியான சரக்கை வைத்து விற்பது 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதிகாரி வரும்போது தேடுவதைவிட ஊதுபத்தி எரியும்போது தேடுவது மேல்.

பத்துக்கு ஒன்று மறு எடை: 50 கிலோ சர்க்கரை மூட்டையைப் பிரித்துக் கிலோப் பொட்டலம் போடுகிறோம். பொட்டலத்துக்கு 10 கிராம் கூடுதலாக விழுந்தால் மூட்டைக்கு அரைக் கிலோ போகிறது. கிலோ 44 ரூபாய் என்றால் 22 ரூபாய். சர்க்கரையில் நமக்கு நிற்பதே கிலோவுக்கு ஒரு ரூபாய், இரண்டு ரூபாய். அதில் இது எத்தனை பங்கு என்று பாருங்கள். குறைந்து விழுந்தாலோ பெயர் கெடும். பத்துப் பொட்டலத்துக்கு ஒன்றை மறுபடி தராசில் வைக்கப் பையனைப் பழக்கினால் இரண்டும் சரியாகும்.

கிழமை வைத்தல்: சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் வழக்கமாகத் திங்கள், வெள்ளி ஆகிய இரண்டு நாள்தான் திறந்திருக்கும். யாரும் தண்டோரா போடுவதில்லை. அந்த நாளில் கூட்டம் தானாக வருகிறது. “நேரம் கிடைக்கும்போது வசூலுக்குப் போகலாம்” என்று வைத்தால் நேரம் கிடைக்காது. கிழமை ஒன்றைக் குறித்துக்கொண்டால் கால் தானாக நடக்கும். அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலைச் சம்பளக்காரருக்கு மாதத்தின் முதல் வாரம். மானாவாரி மக்காச்சோளம், பருத்தி போட்டவருக்குத் தை மாசி. சின்ன வெங்காயக்காரர் விலைக்காகப் பட்டறை போட்டுக் காத்திருப்பார். அவரிடம் பட்டறை பிரிக்கும் நாளைக் கேட்டு நோட்டில் அவர் பெயருக்கு எதிரே குறித்துக்கொள்ளுங்கள்.

மறுபடியும் பாக்கி நோட்டு

பலகையைக் கழற்றிய பிறகு நான் வேறு வழியில் போனேன். கடனை நிறுத்தவில்லை. ஆனால் பாக்கிக்காரர் யார் வந்து என்ன வாங்கினாலும், ரொக்கமோ கடனோ, பொட்டலத்தைக் கையில் கொடுக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: “பழைய கணக்கில் ஒரு பத்து ரூபாய் வரவு வைத்துக்கொள்ளட்டுமா அண்ணே?” பத்து ரூபாய்க்கு யாரும் முகம் சுளிக்கவில்லை. வாங்கியதை அவர் கண் முன்னாலேயே வரவு எழுதி, மீதியைச் சொல்லி அனுப்பினேன்.

முதல் மாதம் எனக்கே கூச்சமாக இருந்தது. பல நாள் கேட்க மறந்தேன். மறந்தால் மறுநாள் விடுவதில்லை என்று மட்டும் வைத்துக்கொண்டேன். மூன்றாம் மாதம் வாடிக்கைக்காரர்களே சில்லறையை எடுத்து வைத்துக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். “இருபதாக எடுத்துக்கோ” என்றவர்களும் உண்டு. பலகையைப் பார்த்துப் போனாரே, அந்த விவசாயி, அவரும் தையில் வந்தார். மக்காச்சோளம் விற்ற பணத்தில் மொத்தத்தையும் தீர்த்துவிட்டு, “என் கணக்கு எனக்கே தெரிந்ததால் கொடுக்க முடிந்தது” என்றார். எல்லாரும் அவரைப் போல இல்லை. சிலர் பத்து ரூபாய்க்கும் பயந்து தெருவையே மாற்றிக்கொண்டார்கள். அந்தப் பாக்கியை நான் தள்ளுபடி எழுதிவிட்டேன். இரண்டு வெள்ளாமை முடிந்தபோது பாக்கி நோட்டு பாதியாக இளைத்திருந்தது. இப்போதும் கடன் கொடுக்கிறேன். ஆனால் எவ்வளவு கொடுத்திருக்கிறேன் என்று ஒவ்வொரு நாளும் எனக்குத் தெரியும்.

இது ஏன் முக்கியம்? பெரிய கடைகள் நம் ஊர்களுக்கும் வந்துவிட்டன. கைபேசியில் சொன்னால் வீட்டு வாசலுக்கே சரக்கு வருகிறது. விலையில் அவர்களோடு நாம் எல்லாச் சரக்கிலும் போட்டி போட முடியாது. அவர்களிடம் இல்லாதது ஆள் அறிந்து, காலம் அறிந்து கொடுக்கும் நம் நம்பிக்கைக் கடன் ஒன்றுதான். நம் பலம் அது. கணக்கில்லாமல் போனால் நம்மைச் சாய்ப்பதும் அதுவே. கடை மூடிய பல பேரை நான் பார்த்திருக்கிறேன். போட்டியால் மூடியவர்களைவிட, தம் பணம் வெளியில் எங்கே நிற்கிறது என்று தெரியாமல் மூடியவர்களே அதிகம்.

கெட்ட பழக்கமும் இதே வழியாகத்தான் வருகிறது என்பதையும் மறக்கக்கூடாது. யாரும் ஒரே நாளில் கணக்கெழுதுவதை விட்டுவிடவில்லை. ஒரு கல்யாணத்துக்குப் போன அன்று விட்டோம். காய்ச்சல் வந்து இரண்டு நாள் விட்டோம். பிறகு விட்டதே வழக்கமாயிற்று. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது நல்லதற்கும் பொருந்தும், கெட்டதற்கும் பொருந்தும். ஆகவே ஒரு நாள் தவறினால் பாதகமில்லை. இரண்டாம் நாளைத் தவறவிடாதீர்கள்.

நான்காவது காரணத்தை மறுபடி நினைவூட்டுகிறேன்: நாலு பேருக்குத் தெரிந்து செய்யுங்கள். பக்கத்துக் கடைக்காரரிடம், “இன்று முதல் ராத்திரி மூன்று எண் எழுதுகிறேன், காலையில் என்னைக் கேளுங்கள்” என்று சொல்லிவையுங்கள். அவரும் உங்களிடம் அதையே சொல்லட்டும். சங்கக் கூட்டத்தில் சந்திக்கும்போது எத்தனை நாள் ஆயிற்று என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளலாம். அன்றைய உறவின்முறை செய்ததும் இதுதானே!

சித்திரை வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இன்றிரவு கடைக் கதவை இழுக்கும் முன் மூன்று எண்ணை எழுதிவிடுங்கள். நாளைக்கு எழுதுவது இரண்டாவது நாள். இன்றைய நாளுக்கு என்ன பெயர் என்று கேட்கிறீர்களா? முதல் மரக்காலை நம் பெரியவர்கள் எப்படி எண்ணினார்களோ, அதுதான். லாபம்!